தூக்குவாளிச் சோறு

பேராசிரியர் சங்கரலிங்கம் அந்த மலையடிவார மடத்துக்கு வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்றில் வேட்டி, துண்டு. இன்னொன்றில் மனோதத்துவப் புத்தகங்கள். இரண்டாவது பெட்டியைத் தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஆயுசு முழுக்கக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தியவர். மனைவி காலமாகிவிட்டாள். மகன் வெளிநாட்டில். இனி என்னை நான் அறிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து அவர் அறிந்துகொண்டது என்னவோ மற்றவர்களைத்தான்.

மாட்டுத் தொழுவத்துக்காரர் ஏன் மாட்டோடு மட்டும் பேசுகிறார்? பூக்கட்டுகிற அம்மாள் ஏன் கட்டிய மாலையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள்? யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் வம்பு.

மடத்துக்குத் தலைவர் சின்னச்சாமி. பெரிய சாமி சமாதியாகிப் பல காலம் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. வயதில் பேராசிரியரின் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். பேராசிரியர் தினமும் காலையில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார். சாமி கூச்சத்தோடு நெளிந்து, "இருக்கட்டும்யா, எழுந்திரிங்க" என்பார்.

மடத்தில் பெரிய சாமி வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. யார் யாரைப் பற்றிப் புகார் சொன்னாலும், சொன்னவர் அடுத்த அமாவாசை வரை அந்த ஆளுடைய வேலையைச் செய்ய வேண்டும். விறகு ஈரமாக இருக்கிறது என்றால் நீ போய் விறகு வெட்டு. தொழுவம் நாறுகிறது என்றால் சாணி அள்ளு. அதனால் மடத்தில் புகார் ரொம்பக் குறைவு.

பேராசிரியர் அதில் ஒரு நாளும் மாட்டியதில்லை. தொழுவத்துக்காரர் ஒருமுறை சாமியிடமே கேட்டார். "இவரு என்னைப் பத்தி இவ்வளவு பேசுதாரே சாமி, இவருக்கு மட்டும் சாணி கிடையாதா?"

"அது புகார் இல்லையே, சாமி. விளக்கம்தானே?" என்றார் பேராசிரியர்.

சாமி சிரித்துவிட்டார். "விளக்கத்தைப் பத்திப் பெரிய சாமி ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே" என்று விட்டுவிட்டார்.

மடத்துச் சமையல் இசக்கியப்பன் கையில் இருந்தது. வாட்டசாட்டமான ஆள். அதிகம் பேசமாட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் மதியம் சோறு உண்டு. பந்தி முடிந்து பாத்திரம் கவிழ்ந்த பிறகும் அடுப்பங்கரை மூலையில், விறகுக்குப் பின்னால், ஒரு தூக்குவாளி நிறையச் சோறு மூடி இருக்கும். மடத்துக்காரர்கள் அதைப் பார்த்ததுண்டு, கேட்டதில்லை.

ஒரு மதியம் அவரும் பேராசிரியரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. பேராசிரியருக்கு ஒரு வித்தை தெரியும். சும்மா இருப்பார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொல்வார். எத்தனையோ பிள்ளைகள் அந்த "ம்"முக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். இசக்கியப்பனும் சொல்லிவிட்டார்.

சின்ன வயதுக் கதை. பசி தாங்காமல் ஒரு பிள்ளை, எடுக்கக் கூடாத இடத்தில் கை வைத்து எடுத்துத் தின்ற கதை. பெற்றவளே கூசிப்போய்ப் பிள்ளையை ஊர் பார்க்க அடித்த கதை. எந்த இடம், என்ன சோறு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

சொல்லி முடித்துவிட்டு இசக்கியப்பன் வெகுநேரம் கீரைக்காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத யார்ட்டயும் சொன்னதில்ல சார். எம் பெண்டாட்டிக்கே தெரியாது."

"என்னோட இருக்கும் இசக்கி. செத்தாலும் வெளிய வராது" என்றார் பேராசிரியர். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் பந்தியில் அவர் இலையில் மட்டும் ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்னச்சாமி அன்று மலைமேல் குகைக்குப் போயிருந்தார். டவுனிலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் பேராசிரியரின் பழைய மாணவன் ஒருவன், குடும்பத்தோடு. "எங்க சாரைப் பேசச் சொல்லுங்க, கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துவிட்டான்.

பேராசிரியர் பேசினார். பால்ய காலம் ஒரு மனுஷனை எப்படி உருவாக்குகிறது என்பது தலைப்பு. நல்ல தலைப்புதான். ஆனால் சாப்பிட்ட நேரம். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு பிள்ளை அழுதது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வேன் பக்கம் நடந்தார்கள். மாணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போது ஒரு பெண்மணி கேட்டார். "அதிருக்கட்டும் சார். நாங்க ரெண்டாந்தடவை கேட்டப்போ சோறு தீந்துட்டுன்னாரு சமையக்காரரு. அடுப்பங்கரையில தூக்குவாளி நிறைய மூடி வச்சிருக்காரே, அது யாருக்காம்?"

கூட்டம் சிரித்தது. சிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அது திருட்டு இல்லைம்மா" என்றார் பேராசிரியர். "அதுக்குப் பின்னால ஒரு குழந்தை இருக்கு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். இடத்தைச் சொன்னார், சோற்றைச் சொன்னார், தாய் அடித்ததைச் சொன்னார். நன்றாகவும் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே குரலைத் தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தி. வேனுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நின்று கேட்டார்கள். கேள்வி கேட்ட பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோதுதான் வாசல்படியில் இசக்கியப்பன் நிற்பதைப் பேராசிரியர் பார்த்தார். கையில் மோர்ப்பானை.

இசக்கியப்பன் உள்ளே வந்தார். வரிசையாக ஒவ்வொருவருக்கும் மோர் ஊற்றினார். "ஐயோ பாவம்" என்று கண்ணால் சொன்னவர்களுக்கும் ஊற்றினார். பேராசிரியரின் தம்ளரிலும் ஊற்றினார். பானையைக் கழுவிக் கவிழ்த்தார். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாமி மலையிலிருந்து இறங்கியதும் பேராசிரியர் போய் நின்றார்.

"இசக்கியப்பன் போயிட்டான் சாமி."

"சொன்னாங்க."

"ஏன் போனான்னு எனக்குத் தெரியும். வெளிப்பட்டுப் போச்சேங்கிற கூச்சம். எதிர்த்து நிக்க முடியாதவங்க விலகி ஓடுவாங்க. மனசு தன்னைக் காப்பாத்திக்கிற வழி அது."

"இசக்கி அண்ணாச்சி ஏன் போனாருன்னு தெரியுது. நீங்க ஏன் சொன்னீங்க?"

"அந்தம்மா அவனைத் திருடன்ங்கிற மாதிரி பேசினாங்க. அவனைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

சாமி தலையை ஆட்டினார். "சரிங்கய்யா. அடுப்பைப் பத்த வைங்க."

"சாமி, அது புகார் இல்லையே."

"இல்லை. ஆனா சோறு ஆகணுமே. அமாவாசை வரைக்கும் பாருங்க."

பேராசிரியர் அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். முதல் நாள் சோறு குழைந்தது, மறுநாள் அடிப்பிடித்தது. புகையில் கண் எரிந்தது. உப்பில்லாத சாம்பாரைத் தொழுவத்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், வாயைத் திறந்தால் சமையல் தன் தலையில் விழும் என்ற பயம். ஆனாலும் பேராசிரியர் விடாமல் செய்தார். வேலை செய்கிற நேரம் அந்த மோர்ப்பானை ஞாபகம் வராது. கை சும்மா இருந்தால் வந்துவிடும். வந்தால் உடம்பெல்லாம் கூசும்.

ஒருநாள் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மலைப்பாதையிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தார். வழி தவறியிருப்பார் போல. காலெல்லாம் முள் கீறல்.

"சாப்பாடு இருக்குமா ஐயா?"

பேராசிரியர் கழுவிய பாத்திரத்தைப் பார்த்தார். "இல்லையேப்பா."

"சரிங்க ஐயா" என்று அந்த ஆள் கும்பிட்டுவிட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். பேராசிரியரால் அதைப் பார்க்க முடியவில்லை. இல்லை என்ற வார்த்தையை அன்னம் போடுகிற இடத்தில் நின்று சொல்வது அவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மறுநாள் சோறு வடித்தார். பந்திக்கு மணி அடிக்கும் முன்னால் தூக்குவாளியை எடுத்து, நிறையச் சோறு போட்டு, அழுத்தி மூடி, விறகுக்குப் பின்னால் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அன்றைக்குப் பந்திக்குப் பிறகு யாரும் வரவில்லை. பந்தியில் கூட்டம் அதிகம், பேராசிரியருக்கே சோறு மிஞ்சவில்லை. பசி காதை அடைத்தது. கதவை ஒருக்களித்துவிட்டு, விறகு மறைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து அள்ளி அள்ளித் தின்றார்.

கதவு திறந்தது. சின்னச்சாமி தண்ணீர் குடிக்க வந்திருந்தார்.

பேராசிரியர் வாயில் சோற்றோடு எழுந்தார். "இல்ல சாமி... நேத்து ஒருத்தர் பசியோட வந்து திரும்பிப் போயிட்டாரு. அதுக்காகத்தான் எடுத்து வச்சேன். இன்னைக்கு யாரும் வரல. அதான் வீணாகக் கூடாதேன்னு..."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் சாமி. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பேராசிரியர் அப்படியே நின்றார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆண்டு தவறாமல் அவர் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறார். அடுத்தவன் ஒன்றைச் செய்தால் அவன் குணம் என்போம். அதையே நாம் செய்தால் சூழ்நிலை என்போம். "அவன் லேட்டா வந்தா சோம்பேறி, நான் லேட்டா வந்தா பஸ் லேட்டு" என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். பரீட்சையில் தவறாமல் வருகிற கேள்வி அது. சரியாக எழுதாத பிள்ளைகளுக்கு அவர் மார்க்கைக் குறைத்திருக்கிறார்.

அதே விறகு மறைவு, அதே தூக்குவாளி. இசக்கியப்பன் மூடி வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு காயப்பட்ட குழந்தை. சங்கரலிங்கம் மூடி வைத்தால் அது தர்மம். சீ என்றாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் சாமியிடம் போனார். இந்தத் தடவை நிற்கவில்லை, தரையில் உட்கார்ந்தார்.

"நான் செஞ்ச தப்புக்கு எங்க பாடத்துல ஒரு பேரே இருக்கு சாமி." விளக்கிச் சொன்னார்.

சாமி அக்கறையாகக் கேட்டார். "ரொம்ப நல்லாக் கண்டுபிடிச்சிருக்காங்களே. இது யாருக்காகக் கண்டுபிடிச்சது?"

"எல்லாருக்கும்தான்."

மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் மறுபடி வாய் திறந்தார்.

"அவனைக் காப்பாத்தச் சொன்னேன்னு சொன்னேன்ல? பொய் சாமி. கூட்டம் கலையப் பார்த்துச்சு. என் பழைய மாணவன் வாட்சைப் பார்த்தான். என் பேச்சு எடுபடலைன்னு தெரிஞ்சுபோச்சு. கையில அந்தக் கதை இருந்துச்சு. எடுத்து வீசிட்டேன்." அவர் குனிந்துகொண்டார். "கைதட்டுனாங்க சாமி. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

சாமி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி சங்கரன்கோவில்ல ஒரு கல்யாண மண்டபத்துல சமைக்கிறாராம்."

"போய்ட்டு வரட்டுமா சாமி? மன்னிப்புக் கேட்டுக் கையோட கூட்டிட்டு வந்துடுறேன்."

"என்ன சொல்லிக் கேப்பீங்க?"

"ஏன் அப்படிச் செஞ்சேன்னு மனசைத் திறந்து சொல்வேன்."

சாமி எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டார். "போய்ட்டு வாங்க" என்றார்.

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இசக்கியப்பன் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பேராசிரியரைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் பேராசிரியர் பாதி செத்துப்போனார்.

இலை போட்டு, சோறு வைத்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு இசக்கியப்பன் உட்கார்ந்தார். பேராசிரியருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"நான் செஞ்சது துரோகம் இசக்கி. என்னை மன்னிச்சிடு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனுஷருக்கு நிறுத்தத் தெரிந்தால்தானே!

"நான் ஏன் அப்படிப் பேசினேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் அப்பா தன்னை எல்லோர் முன்னாலும் மக்கு, மண்டு என்று திட்டியது. ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால் நிற்க வைத்து வாய்ப்பாடு கேட்டது. பயத்தில் டவுசரை நனைத்தது, விருந்தாளிகள் சிரித்தது. அன்றையிலிருந்து நாலு பேர் தன்னை மெச்ச வேண்டும் என்ற வெறி. அதுதான் அன்றைக்கு வாயைத் திறந்தது. சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. கண்ணீர் நிஜம்தான். கதையும் நிஜம்தான். சொன்ன விதமும் நன்றாகவே இருந்தது, வழக்கம் போல.

இசக்கியப்பன் கடைசி வரை கேட்டார். கேட்டு முடித்து, மெல்லச் சொன்னார். "உங்களுக்கும் சின்ன வயசுல சங்கடம்தான் சார். கவலப்படாதீங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் குத்திக் காட்டவில்லை. முகத்தில் அப்படி ஒரு சுவடே இல்லை. நிஜமாகவே ஆறுதல் சொன்னார். பேராசிரியர் முகத்தை இலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார். "அந்தத் தூக்குவாளி... யாராவது வருவாங்கன்னுதானே வச்சே? நான் சொன்னது தப்புதானே?"

இசக்கியப்பன் யோசித்தார். "யாராவது வந்தா அவங்களுக்கு. அதுவும் உண்மதான். ஆனா யாரும் வராட்டியும் வப்பேன் சார். மூடி வச்சாத்தான் நெஞ்சு ஆறும். ஏன்னு நானே நெனச்சுப் பாத்ததில்ல. நீங்க சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சது."

"அப்போ..."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. தப்பாச் சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டு அங்கயே இருந்திருப்பேன்."

பேராசிரியர் இலையில் கிடந்த சோற்றை விரலால் ஒதுக்கினார்.

"என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்லா சார்?" என்றார் இசக்கியப்பன். "கீர உருவும்போது சொல்லியிருக்கலாம். எனக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்."

உள்ளேயிருந்து யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். இசக்கியப்பன் எழுந்தார்.

"மடத்துக்கு வந்துடு இசக்கி."

"இல்ல சார். இலையில சோறு வைக்கும்போது எல்லாரும் என் கையப் பாப்பாங்க. இங்க யாருக்கும் தெரியாது. இங்கயே இருந்துக்கிடுதேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "சாப்பிட்டுட்டுப் போங்க. வீணாக்காதீங்க."

பேராசிரியர் சாப்பிட்டார். இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாள் அமாவாசை. அவர் கெடு அன்றோடு முடிந்தது. ஆனாலும் விடிந்ததும் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவரும் ஏன் என்று சொல்லவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தபோது சின்னச்சாமி வந்து விறகுக்கட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி வரலையா?"

"வரமாட்டாரு சாமி." வரமாட்டான் என்று வராமல் வரமாட்டாரு என்று வந்ததைப் பேராசிரியரே கவனிக்கவில்லை. சாமி கவனித்தார்.

பேராசிரியர் அரிசியைக் களைந்து உலையில் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "ஆயுசு பூரா மனுஷ மனசைப் படிச்சேன் சாமி. அடுத்தவங்களைப் பத்திச் சரியாத்தான் சொன்னேன். என்னைப் பத்தியும் சரியாத்தான் சொன்னேன். அத்தனையும் சரி. ஒரு நல்ல மனுஷன் என்னால இருந்த இடத்தை விட்டுப் போயிட்டாரு. நான் படிச்சதெல்லாம் வீணா?"

சாமி ஒரு சுள்ளியை எடுத்து அடுப்பில் தள்ளினார்.

"ஐயா, அன்னைக்கு நான் மலைமேல இருந்துட்டேன். அண்ணாச்சியைப் பத்தி அப்படி என்னதான் சொன்னீங்க? வேன்ல வந்தவங்களுக்கெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் தெரியாது. சொல்லுங்களேன், கேப்போம்."

பேராசிரியர் திரும்பினார். குரு கேட்கிறார். இதுவரை அவர் கேட்டு எதையும் மறைத்ததில்லை. இங்கே கூட்டமும் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. வாயைத் திறந்தார்.

கீரைக்காம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இசக்கியப்பனின் முகம் ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

சாமி காத்திருந்தார். உலை பொங்கி மூடியைத் தள்ளியது. பேராசிரியர் குனிந்து மூடியை நகர்த்தி வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. புகை என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துச் சின்னச்சாமி எழுந்தார். மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளியை எடுத்து, நிமிர்த்தி, பேராசிரியரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

"வீணாப் போகலைய்யா" என்றார்.